வெயிலில் தெரியாத சிவப்பு

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் தினமும் காலை ஒரு மணி நேரம் உட்காருகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்கள் ஆறோ ஏழோ போகும். நேற்று எட்டு. ஐந்து அரசாங்கம் கொடுத்தவை. மூன்று, பட்டறையில் குழாய் வளைத்துத் தாங்களே மாட்டிக்கொண்டவை. அந்த மூன்றில் ஒன்று கடை வாசலிலேயே நின்றது. ஓட்டி வந்தவர் டீ சொல்லிக்கொண்டிருந்தபோது நான் குனிந்து, பக்கச் சக்கரத்தைத் தாங்கும் குழாயின் வளைவை விரலால் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் சுருக்கம் இல்லை. வெளிப்பக்கம் செதில் இல்லை.

"இன்னா பெரியவரே, எதனா தொலைச்சிட்டியா?" என்றார் அவர்.

"இல்லப்பா. வளைவு நல்லா இருக்குது."

"ஓட்டுறவன் நானு. வளைவப் பத்தி நீ ஏன் கவலப்படுற? போயி டீயக் குடி, ஆறிடப் போவுது."

கடைக்காரர் சிரித்தார். பெஞ்சில் இருந்த மற்ற நால்வரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்குப் புரியாது என்பதல்ல. அவர்கள் உடனே கேட்பார்கள், "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று. நீங்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள். உங்கள் ஒவ்வொருவரிடமும் அப்போதே சொல்லாத ஒன்றாவது இருக்கும். என்னுடையதை அறிந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் போய்விட்டார்கள். யாருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தோமோ அவரும் போய்விட்டார். இனி யாருக்காக மூடி வைக்க வேண்டும்?

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அக்கா பதினோராம் வகுப்பு. அந்தக் காலத்தில் பதினோராவதில்தான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீடு பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. எங்கள் தெருவில் முருங்கை இலையும் வெள்ளை, காக்கையின் முதுகும் வெள்ளை. சுண்ணாம்பல்ல, பீங்கான் மண்ணின் தூசி. அப்பா அங்கே ஒரு கம்பெனியில் சூளை போடுகிறவர். வெப்பத்தைக் காட்டும் கருவி அந்தக் கம்பெனியில் கிடையாது. அப்பாவின் கண்தான் கருவி. சூளைச் சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருக்கும். செங்கல்லை இழுத்துவிட்டு உள்ளே பார்ப்பார். இருட்டான சூளைக் கொட்டகையில் அந்த ஓட்டை மட்டும் எரியும். உள்ளே இருக்கும் நிறத்துக்கு அவர் பூக்களின் பெயர் வைத்திருந்தார். முதலில் செம்பருத்தி. பிறகு கனகாம்பரம். அதற்குப் பிறகு பூசணிப்பூ. பூசணிப்பூ வெளுக்கத் தொடங்கும்போது தீயை நிறுத்தச் சொல்வார். ஒரு சூளைக்கு நாலாயிரம் பீங்கான் ஃபியூஸ் கட்டை உள்ளே இருக்கும். அவர் கண் தப்பினால் நாலாயிரமும் போச்சு. நான் அறிந்தவரை ஒருமுறையும் தப்பியதில்லை. முதலாளியே அப்பாவிடம் சத்தமாகப் பேச மாட்டார்.

அக்காவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. ஐந்தாம் வகுப்பு வரை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அம்மாவின் இடுப்பு விட்டுப்போன பிறகு அப்பா சைக்கிளில் கூட்டிப் போனார். பின்னால் கேரியரில் உட்கார்ந்து, அப்பாவின் சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்குகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். ஒரு கையை எடுத்தால் சரிந்துவிடுவாள். அவளுடைய கைகள் ஆண்பிள்ளையின் கைகள் போல இருக்கும்.

சூளை பற்றவைத்தால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள், அப்பா அங்கிருந்து அசைய முடியாது. அந்த நாட்களில் அக்காவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆடி மாதத்திலிருந்து இப்படி விட்டுப்போன நாட்களை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, பெண்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாருங்க, நல்லா படிக்கிற பொண்ணு. ஆனா அட்டெண்டன்ஸ் இல்ல. இன்னும் பதினோரு நாளுதான் விடலாம். பன்னெண்டாவது நாளு விட்டா பரீட்சைக்கு அனுப்ப முடியாது. நான் நெனச்சாலும் முடியாது" என்றாராம்.

அக்காவுக்கு டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும். அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும். வேறு எதைப் பற்றியும் அவள் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார், "யாரையும் எதிர்பாக்க வேணாம். பாப்பாவே ஓட்டிக்கிட்டுப் போறாப்புல நான் ஒரு வண்டி செய்யுறேன்."

"ஒங்களுக்கு வண்டி செய்யத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"இரும்பு மண்ண விடவா முரண்டு புடிக்கப் போவுது?"

மூன்று சைக்கிள் சக்கரம். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. நெஞ்சுக்கு நேரே கையால் சுற்றும் பெடல். அதிலிருந்து செயின் முன்சக்கரத்துக்கு. சட்டமெல்லாம் பழைய தண்ணீர்க் குழாய். அதில் முக்கியமானது ஒரு நீளக் குழாய். அது சீட்டுக்கு அடியிலிருந்து புறப்பட்டு முன்னால் வந்து, வாத்தின் கழுத்துப் போல மேலே வளைந்து, நுனியில் முன்சக்கரத்தைத் தாங்க வேண்டும். வண்டியின் பாரம் பாதி அதன்மேல்தான். கழுத்துக் குழாய் என்றே வீட்டில் எல்லாரும் சொன்னோம்.

குழாயை அப்படியே வளைத்தால் நடுவில் நசுங்கிவிடும். அதனால் ஒரு முனையை அடைத்து, உள்ளே காய்ந்த மணலை நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, மறுமுனையையும் அடைத்து, வளைக்க வேண்டிய இடத்தை மட்டும் நெருப்பில் சிவக்க வைத்து வளைக்க வேண்டும். எங்கள் ஊர் மணிமுத்தாற்று மணலைச் சலித்து வறுத்துக் கொடுத்தது அம்மா. நிரப்பியது நான். ஒரு குழாய்க்கு முந்நூறு தட்டு. கரி நெருப்புக்குக் காற்று அடிக்கும் புளோயரைச் சுற்றியது அக்கா. பலகையில் உட்கார்ந்து, வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, கை மாற்றாமல் சுற்றுவாள். "இது பெடலு சுத்தப் பழகுறதுடா" என்பாள்.

அப்பாவுக்குச் சூளை இல்லாத நாட்களில், பதினோரு மணிக்கு மேல் வாசலில்தான் இந்த வேலை. தை மாத வெயில் நேராக விழும். சீட்டைச் சுற்றி வரும் சின்னக் குழாய்கள் ஏழும் ஒருவழியாக வளைந்துவிட்டன. கழுத்துக் குழாய்தான் மிச்சம்.

வெல்டிங் மட்டும் அப்பாவால் முடியாது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பாய் ஒருவர் வெல்டிங் கடை வைத்திருந்தார். பாய் என்றுதான் ஊரே கூப்பிட்டது. அவர் கடையில் குழாய் வளைக்கும் மூலையைச் சுற்றி நனைத்த சாக்குகளைத் திரையாகத் தொங்கவிட்டிருப்பார். உள்ளே நட்டநடுப் பகலிலும் இருட்டு. தொழில் ரகசியத்தை ஒளிக்கிறார் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "மூடி மூடி வைக்கிறான் பாரு, பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ண ஒளிக்கிற மாதிரி" என்பார்.

கழுத்துக் குழாயை நெருப்பில் வைத்த அன்று, வெல்டிங் எத்தனை இடம் வரும் என்று பார்க்க பாய் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை முருங்கையில் சாய்த்துவிட்டு நெருப்பை எட்டிப் பார்த்தார்.

"என்னாண்ணே, கொழாயப் பொங்கலுக்கு வேக வைக்கிறீங்களா? பொங்கலு முடிஞ்சு போச்சே" என்றார்.

"ஏன் பாய், நானே வளைச்சிட்டா ஒன் பொழப்பு போயிடுமேன்னு பயமா?"

"எம் பொழப்பு கெடக்கட்டும். வெயில்ல வச்சுப் பாக்காதீங்கண்ணே. வெயில்ல நெறம் தெரியாது. உள்ள எடுத்துட்டுப் போயி இருட்டுல பாருங்க."

அப்பா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நெறம் எனக்குத் தெரியாது? யாருக்கிட்ட சொல்லுற? பத்தொம்பது வருசமா நெறம் பாத்துத்தான் சோறு துன்னுறேன்."

"இல்லண்ணே, நான் சொன்னது..."

"நீ எத்தன எடம் வெல்டிங்குன்னு பாத்துட்டுக் கெளம்பு."

பாய் ஒன்பது இடம் என்று எண்ணிவிட்டுக் கிளம்பினார். நானும் எண்ணினேன். ஒன்பதுதான்.

அப்பா குழாயை நெருப்பிலிருந்து எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இன்னும் வேகல" என்று மறுபடி வைத்தார். ஏழு முறை எடுத்தார், ஏழு முறை வைத்தார். செம்பருத்தி நிறம் வரவேண்டும் என்று காத்திருந்தார். ஏழாவது முறை வைத்தபோது குழாயிலிருந்து பொறி பறந்தது. கார்த்திகைக்குக் கொளுத்தும் மத்தாப்பு போல, வெள்ளைப் பொறி, ஒவ்வொன்றும் நுனியில் பூவாக வெடித்தது. அக்கா புளோயரைச் சுற்றிக்கொண்டே சிரித்தாள். நான் கை தட்டினேன். அப்பா எடுத்துப் பார்த்து, "இப்ப வந்துச்சு பாரு செம்பருத்தி" என்றார். வளைவு வெண்ணெய் போல இறங்கியது.

ஆறிய பிறகு மணலைக் கொட்டினோம். வளைவில் இருந்த மணல் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் கண்ணாடி போல ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா சந்தோஷப்பட்டார். "மண்ணே உருகியிருக்குது பாரு. இனிமே இத யானை ஏறுனாலும் ஒண்ணும் பண்ண முடியாது." பீங்கானைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் குழாயைத் தட்டிக் காதைக் கொடுத்தார். ணங்கென்றது. வெளிப்பக்கம் கருப்பாகச் செதில் செதிலாக உரிந்ததை உப்புத்தாள் போட்டு நானே தேய்த்து எடுத்தேன்.

பிற்காலத்தில் முப்பத்து நாலு வருஷம் ரயில்வே ஸ்டோர்ஸில் சாமான் எண்ணும் வேலை பார்த்தேன். ஒருநாள் ஷெட்டில் ஒரு கொல்லரிடம், ஏன் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வேகிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். "வெளிச்சத்துல சிவப்பு ஒளிஞ்சுக்கும் சார். மஞ்சளா ஆன இரும்பு வெயில்ல சிவப்பாத்தான் தெரியும். பொறி பறந்துச்சின்னா இரும்பு எரியுதுன்னு அர்த்தம். அத அப்பறம் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். பீங்கானுக்கு நன்றாக வெந்தால்தான் உறுதி. வேகாததுதான் உடையும். அப்பாவுக்குத் தெரிந்த உலகத்தில் தீ அதிகமாகி எதுவும் பலவீனப்பட்டதில்லை. மிஞ்சிப்போனால் உருகும், கோணும். அன்று ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வந்து போல்ட் பெட்டியை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

வெல்டிங்குக்குக் கொண்டுபோனபோது பாய் கழுத்துக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தேய்த்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"அண்ணே, இந்த ஒண்ண மட்டும் நான் வேற வளைச்சுத் தரட்டுமா? எங்கிட்ட கொழாய் இருக்குது. ஒங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

"ஏன், இதுக்கென்னா கொறை?"

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் என்ன கண்டாரோ, "ஒண்ணுமில்லண்ணே" என்று கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒன்பது இடத்திலும் பற்றவைத்தார். வேலை நறுவிசாக இருந்தது, ஒரு சொட்டு கூட வெளியே வழியவில்லை.

வண்டி முடிந்தபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. இடையில் மூன்று சூளை. பதினோரு நாளில் ஏழு போய்விட்டது. மிச்சம் நாலு.

அதன் பிறகு பத்தொன்பது பள்ளிக்கூட நாள் அக்கா தானே ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு நாள்கூட விடவில்லை. நான் பின்னால் ஓடுவேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை அவள் கை அறுநூற்று நாற்பது சுற்றுச் சுற்றும். எதிரே வரும் பையன்கள் "ரயிலு வருது, கேட்டச் சாத்து!" என்று கத்துவார்கள். "ஆமான்டா, டிக்கெட் எடுக்காதவன் தண்டவாளத்துல படு" என்பாள் அக்கா. அவளுக்கு இப்படிப் பேச வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்பாவின் முதுகுக்குப் பின்னாலேயே ஆறு வருஷம் பார்த்த ஊரை அவள் அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

இருபதாவது நாள் ரயில்வே கேட்டில் ஏறி, முதல் தண்டவாளத்தைத் தாண்டி, இரண்டாவதில் முன்சக்கரம் இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. கரும்பை ஒடிப்பது போலத்தான். வண்டி முன்னால் மண்டியிட்டது. அக்கா இடது கையை ஊன்றி விழுந்தாள். புத்தகங்கள் சரளையில் சிதறின. முதலில் ஓடி வந்தது பாய்தான். அக்காவைத் தூக்கி, ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரை வண்டியில் ஏற்றி, தன் கடைப் பையனைக் கூடவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். உடைந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்து கடைக்குள் போட்டார். நான் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

கழுத்துக் குழாய் இரண்டாக இருந்தது. உடைந்த வாய், பனங்கற்கண்டை உடைத்தது போலப் பொரிப்பொரியாக மின்னியது. நான் விரலை வைத்து அளந்தேன். வெல்டிங்கிலிருந்து நாலு விரல் தள்ளி, வளைவில். வெல்டிங் அப்படியே இருந்தது.

பாய் நான் அளப்பதைப் பார்த்தார். இரண்டு துண்டையும் எடுத்துச் சாக்குத் திரைக்குப் பின்னால் வைத்தார்.

"தம்பி, நீ எதையும் எண்ணல. தெரியுதா?" என்றார்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக அங்கே வந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. கேட்டில் நின்ற கூட்டமும் கூடவே வந்தது.

"எங்கடா வுட்டுது?" என்றார். பாயை அவர் டா போட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"வெல்டிங்கு வுட்டுப் போச்சுண்ணே. என் தப்புதான்" என்றார் பாய்.

"பொங்கலுக்கு வேக வைக்கிறியான்னு கேட்டல்ல? என் வேலை நின்னுச்சு, ஒன் வேலை வுட்டுப் போச்சு. காலு இல்லாத பொண்ணு, கையையும் ஒடச்சிட்டியேடா!"

காறித் துப்பினார். பாயின் காலுக்கு அருகே விழுந்தது. கூட்டத்தில் ஒருவர், "இந்தக் கடையில எதையும் குடுக்கக் கூடாதுப்பா" என்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் சொன்னது முழுப் பொய் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்டும் பற்றவைத்தவர் அவர். ஏதோ ஒரு பங்கை ஒப்புக்கொண்டார் என்றே எண்ணுகிறேன். எவ்வளவு பங்கு என்பதுதான் எனக்கு இன்னும் கணக்கில் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில், அம்மா வெந்நீர் வாங்கப் போன நேரத்தில், அக்காவின் காதில் சொன்னேன்: "நாலு விரலு தள்ளிக்கா. வளைவுல. வெல்டிங்கு இல்ல."

"எனக்குத் தெரியும். கண்ணுக்கு நேரதான ஒடைஞ்சுது" என்றாள். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. "அப்பாக்கிட்ட சொல்லிடாத."

"பாய் காலுகிட்ட துப்பினாருக்கா."

"கேள்வி கேக்காத. அப்பா கண்ணு தப்புன்னு அப்பாவுக்கே தெரிஞ்சுதுன்னா, நாளைக்கு எப்பிடிடா ஓட்டைக்குள்ள பாப்பாரு? இதுவா அதுவான்னு ரெண்டு மனசா நிப்பாரு. ஒரு சூளை போனா முதலாளி வுடுவாரா? வூட்ல எத்தன பேரு நாம?"

"ஆறு" என்றேன். எங்களுக்குக் கீழே இரண்டு தங்கைகள்.

"நீதான் நல்லா எண்ணுவியே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பள்ளிக்கூட நாள் போனது. மிச்சம் இரண்டு. எழுதுவது வலது கை; அதில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஒரு கையால் கேரியரில் உட்கார முடியாது. மூன்றாம் நாள் அப்பா அவளைக் கைகளில் ஏந்திக்கொண்டு நடந்தே கடைத்தெரு வழியாகப் போனார். பதினாறு வயதுப் பெண். அக்கா வழி முழுவதும் தாவணித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் போனாள்.

மறுநாள் காலை சூளை பற்றவைக்கும் நாள். அப்பா கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் மணிச் சத்தம். பாய் நின்றார். கூடவே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. சீட்டில் மெத்தை போட்டு, சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் குழாய் வளைத்துக் கைப்பிடி வைத்திருந்தார். அந்த வளைவுகள் எவ்வளவு சீராக இருந்தன என்பதை நான் அன்றே பார்த்தேன்.

"அண்ணே, இது எம் மச்சான் வண்டி. பரீட்ச முடியிற வரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் வந்துடுவான். பாப்பா ஒரு நாளும் வுட வேணாம்" என்றார்.

"ஒன் கைப்பட்ட வண்டியில எம் பொண்ணு ஏற மாட்டா."

அப்பாவுக்குப் பின்னால் என் பக்கத்திலிருந்து அக்கா, "நான் போறேம்பா. ஒண்ணும் ஆவாது" என்றாள்.

"அவன் பத்தவச்ச வண்டியில போயித்தான் ஒரு கை போச்சு. இன்னொண்ணும் போவணுமா?"

"இன்னும் ரெண்டே நாளுதாம்பா இருக்குது. இந்தச் சூளைக்கு மூணு நாளு" என்றேன் நான்.

"போடா, கணக்குப் புள்ள. கையொடிஞ்ச புள்ளைக்கு ஒரு நாளு கொறைஞ்சா பெரிய டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பேசிக்கிறேன்."

நான் வாயைத் திறந்தேன். வெல்டிங் விடவில்லை அப்பா, நாலு விரல் தள்ளி என்று சொல்ல ஆறு சொல் போதும். சொல்லியிருந்தால் பாய் மேல் இருந்த கோபம் அங்கேயே விழுந்திருக்கும். அக்கா ரிக்‌ஷாவில் ஏறியிருப்பாள். பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். புளோயர் சுற்றிய கை. எலும்பு வலித்தது. பாயும் அப்பாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார். அப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யே அவளைப் பரீட்சைக்குப் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறது என்று அந்த நேரத்தில் அவருக்கும் தெரிந்திருக்கும். ரிக்‌ஷா திரும்பிப் போனது. அப்பா சைக்கிளில் ஏறிச் சூளைக்குப் போனார்.

சூளை மூன்று நாள் எரிந்தது. நன்றாக வந்தது. ஒரு ஃபியூஸ் கட்டைகூடக் கழியவில்லை.

பெரிய டீச்சர் அப்பாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாராம். டீச்சர் கண்ணும் கலங்கியிருந்ததாக அம்மா சொன்னாள். பதினோரு நாளுக்கு மேல் ஒன்று. அந்த ஒன்றை யாராலும் அழிக்க முடியவில்லை.

பாய் அந்தச் சித்திரைக்குள் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். நெய்வேலி என்றார்கள், மஸ்கட் என்றார்கள். பல வருஷம் கழித்து அவர் இறந்த செய்திதான் வந்தது. அடுத்த வருஷம் எழுதலாம் என்று எல்லாரும் அக்காவிடம் சொன்னார்கள். அதற்குள் கம்பெனியிலிருந்து பீங்கான் பொம்மைகள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தன. அவற்றுக்குக் கண்ணும் புருவமும் வைக்கும் வேலை. நாற்பத்தோரு வருஷம் வைத்தாள். அவள் போய் ஒன்பது வருஷமாகிறது. அப்பா, கருவி வாங்கி மாட்டும் வரைக்கும் கண்ணால்தான் சூளை போட்டார். ஒன்றும் தப்பவில்லை.

பரீட்சை நடந்த நாட்களில் ஒரு நாள் மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சரித்திரம் பூகோளப் பரீட்சை முடிந்து, அக்காவோடு படித்த பெண் ஒருத்தி மத்தியானம் வீட்டுப் பக்கம் வந்து கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நீ படி, நான் சொல்லுறேன். புத்தகத்தப் பாத்து மார்க் போடு" என்றாள். நான் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள், ஊர், பேர், வருஷம், காரணம் ஒன்று, காரணம் இரண்டு என்று. ஒன்பது கேள்விக்கு நாற்பத்திரண்டு மார்க்கில் முப்பத்தெட்டு போட்டிருந்தேன். நாலே மார்க்தான் குறைத்தேன்.

சூளை இறக்கிவிட்டு வந்த அப்பா அதே அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம்.

"தம்பி" என்றார், திரும்பாமல்.

"என்னாப்பா?"

"அந்தக் கழுத்து எங்கடா ஒடைஞ்சுது? வெல்டிங்குலதான?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்பா" என்றேன்.

"நீயே பாத்தியா?"

"நானே பாத்தேம்பா."

அவர் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. "அதானப் பாத்தேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, முகம் கழுவி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனார். செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தது.

பிறகு அக்கா, "பத்தாவது கேள்விய படி" என்றாள்.